ஆடியில் மாத்த வேண்டிய டயர்

இந்த வாரம் பயிரைப் பத்தி இல்ல, டயரைப் பத்தி எழுதறேன். விவசாயிக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். எங்க ஊர்ல ஏர் மாடு இல்லாத வீடு இப்ப நிறைய இருக்கு. ரெண்டு சக்கர வண்டி இல்லாத வீட்டைத்தான் தேடிப் பாக்கணும். விடியக்காலம் பால் கேனைக் கட்டிக்கிட்டு சொசைட்டிக்குப் போறது வண்டி. சாமந்தி மூட்டையை திருவண்ணாமலை பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போறது வண்டி. உரம், விதை, தவிடு, மாட்டுக்குப் புல்லுக்கட்டு, மோட்டார் பழுதானா அந்த மோட்டாரு, எல்லாம் அதே வண்டியிலதான். அந்த வண்டிக்கு தரையோட இருக்கிற ஒரே ஒட்டு உறவு ரெண்டு டயரு. அதுலயும் ஒரு நேரத்துல தரையைத் தொடறது நம்ம உள்ளங்கை அளவு இடம்தான்.

டீக்கடையில உக்காந்தா ஒரு கேள்வி அடிக்கடி வரும். "டயரு எத்தனை கிலோமீட்டர் உழைக்கும்?" ஒருத்தர் நாப்பதாயிரம்பார். இன்னொருத்தர் பன்னண்டாயிரத்துலயே போச்சும்பார். ரெண்டு பேரும் பொய் சொல்லல. ரெண்டு பேரு பொழப்பும் வேற, அவ்வளவுதான்.

நான் வண்டிச் செலவை ஒரு நோட்டுல எழுதி வைக்கிறவன். என்கிட்ட இருக்கிறது நூறு சிசி வண்டி ஒண்ணு, பாரத்துக்குன்னு ஒரு எக்ஸ்எல் ஒண்ணு. நோட்டுல இருக்கிற கணக்கு இது. நூறு சிசி வண்டிக்குப் பின் டயர் முதல்ல கம்பெனியில இருந்து வந்தது 24,000 கிலோமீட்டர் ஓடிச்சு. அடுத்தது 21,500. அதுக்கடுத்தது 22,000. முன் டயர் மட்டும் 38,000 வரைக்கும் நின்னுது. எக்ஸ்எல் பின் டயர் 13,000, 14,000 தாண்டறதில்ல. கணக்குப் போட வசதியா, கிராமத்துல பாரம் ஏத்தற நூறு சிசி வண்டிக்குப் பின் டயர் 22,000 கிலோமீட்டர்னு வெச்சுக்கலாம். டவுன்ல ஒத்தை ஆளா ஆபீசுக்குப் போறவருக்கு இதைவிடக் கூடுதலா வரும்.

பின் டயர் ஏன் சீக்கிரம் தேயுது? எஞ்சின் இழுக்கிற இழுப்பு முழுக்க அதுலதான் இறங்குது. பாரமும் அதுமேலதான். எக்ஸ்எல் டயருக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நூறு சிசி வண்டியில ரிம் 18 இஞ்சு, எக்ஸ்எல்லுல 16 இஞ்சு. சின்ன சக்கரம் அதே தூரத்துக்கு அதிகமா சுத்தணும். அதிகமா சுத்தறது அதிகமா தேயும். கட்டை வண்டிச் சக்கரம் ஆள் உயரத்துக்கு ஏன் இருந்துச்சுன்னு யோசிச்சா இது புரியும்.

டயர் பக்கவாட்டுல எழுதியிருக்கிறதை ஒரு தடவை குனிஞ்சு படிச்சுப் பாருங்க. எல்லாம் அங்கயே இருக்கு. 2.75-18ன்னு போட்டிருந்தா அகலம் 2.75 இஞ்சு, ரிம் 18 இஞ்சுன்னு அர்த்தம். பக்கத்துல 48Pன்னு, அதாவது 48-ம் ஒரு இங்கிலீஷ் "பி" எழுத்தும், இருக்கும். 48 கிறது பார எண். அந்த டயர் 180 கிலோ வரைக்கும் தாங்கும்னு அதுக்குப் பொருள். "பி"ன்னா மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரைக்கும். வேகத்தை விடுங்க, நம்ம ரோட்டுல அதுக்கு வேலை இல்ல. பாரத்தைக் கணக்குப் போடுங்க. 40 லிட்டர் பால் கேன் ஒண்ணு, கேன் எடையோட சேத்தா 50 கிலோவை ஒட்டி வரும். ரெண்டு கேன் 100 கிலோ. அதுக்கு மேல நம்ம உடம்புல பாதிக்கு மேல, வண்டி எடையில பாதி. 180 தாண்டிடுச்சா இல்லையா? தாண்டின பாரத்தை டயர் தாங்காம உடனே வெடிச்சிடாது. ஆனா உள்ளே இருக்கிற நைலான் நூல் தினம் தினம் சோர்ந்துக்கிட்டே வரும்.

அடுத்தது காத்து. டயரைத் தின்னுறதுல இதுதான் பெரிய கறையான். காத்து குறைஞ்சா டயர் ரெண்டு ஓரமும் தரையில படிஞ்சு ஓரம் தேயும். பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிரும், அதுல சூடேறும். சூடேறின ரப்பர் சீக்கிரம் கரையும், நூலு விட்டுப் போகும். காத்து அளவுக்கு மீறினா நடுவுல மட்டும் தேஞ்சு ஒரு பட்டை மாதிரி ஆயிடும். டயரைப் பாத்தே அந்த வீட்டுக்காரர் காத்துப் புடிக்கிறவரா இல்லையான்னு சொல்லிடலாம். நூறு சிசி வண்டிக்கு பெரும்பாலும் ஒத்தை ஆளுக்கு முன்னாடி 25, பின்னாடி 28ன்னு போட்டிருக்கும். பின்னாடி ஆளு, பாரம்னா அதுக்குத் தனி அளவு, 28-ஐ விட நல்லாவே கூடுதலா குடுத்திருப்பாங்க. வண்டி புத்தகத்துலயோ செயின் கவர் ஸ்டிக்கர்லயோ இருக்கும். நம்ம ஆளுங்க கட்டைவிரலால அமுக்கிப் பாத்து "இருக்கு இருக்கு"ன்னு கிளம்பிடறாங்க. கட்டைவிரல் மீட்டர் இல்லைங்க. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா, டயர் சூடாகறதுக்கு முன்னாடி காலையில புடிக்கணும். ஓடி சூடான டயர்ல காத்து விரிஞ்சிருக்கும், மீட்டர் கூடுதலா காட்டும்.

மூணாவது வெயிலும் ரோடும். எங்க பக்கம் சித்திரை வைகாசியில தார் ரோடு எப்படி இருக்கும்னு செருப்பில்லாம கிரிவலம் சுத்தினவங்களுக்குத் தெரியும். அந்த சூட்டுல ஓடற டயர் மார்கழியில ஓடறதைவிட வேகமா தேயும். ரோட்டு ஓரம் ஜல்லி. வயலுக்குப் போற வழியில வேலிக்காத்தான் முள்ளு. 2024 டிசம்பர்ல பெஞ்சல் புயல் மழை, அண்ணாமலை சரிவுல மண்ணு சரிஞ்சு ஏழு உசுரு போன மழை அது, அந்த மழைக்கப்புறம் எங்க ஊர் ரோட்டுல தார் அடிச்சிக்கிட்டுப் போய் கூர் ஜல்லி நீட்டிக்கிட்டு நின்னுது. அந்த ரெண்டு மாசத்துல டயர் பக்கவாட்டுல கிழிசல் இல்லாத வண்டி குறைவு.

முள்ளுன்னதும் ட்யூப்லெஸ் நல்லதா, ட்யூப் நல்லதான்னு கேப்பீங்க. ட்யூப்ல முள்ளு ஏறினா காத்து சட்டுனு இறங்கிடும், வண்டி ஆடும். ட்யூப்லெஸ்ல முள்ளு அப்படியே நிக்கும், காத்து மெதுவா கசியும், பஞ்சர் கடை வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போயிடலாம். அந்த வகையில உசுருக்கு நல்லது. ஆனா கம்பி போட்ட சாதாரண ரிம்முல ட்யூப்லெஸ் போட முடியாது, கம்பி வழியா காத்து போயிடும். அதுக்கேத்த அலாய் ரிம்மு வேணும். அந்த ரிம்மு பள்ளத்துல விழுந்து நெளிஞ்சா ஓரமா காத்து கசிஞ்சிக்கிட்டே இருக்கும். இன்னொண்ணு, மெதுவா கசியறதால முள்ளு ஏறினதே தெரியாம குறைஞ்ச காத்தோட வாரக்கணக்குல ஓட்டுவாங்க. ட்யூப்லெஸ் போட்டவங்க காத்து இன்னும் கவனமா பாக்கணும்.

எந்த டயர் நல்லதுன்னு அடுத்த கேள்வி. கம்பெனி பேரை வெச்சுச் சண்டை போடறது எங்க டீக்கடையில கட்சிச் சண்டைக்கு அடுத்தது. எம்ஆர்எஃப்பு 1946-ல சென்னை திருவொற்றியூர்ல குழந்தைங்க ஊதற பலூன் செய்யற கொட்டகையா ஆரம்பிச்சது. இன்னைக்கு உலகம் பூரா பேரு. டிவிஎஸ் டயரு மதுரைக்காரங்க. சியட்டு இத்தாலியில பொறந்த பேரு, 1958-ல இந்தியாவுக்கு வந்தது. ரப்பரும் நம்மள மாதிரி விவசாயி விளைவிக்கிறதுதான். 1876-ல பிரேசில்ல இருந்து லண்டனுக்குப் போன விதையில இருந்து ஆசியா பூரா பரவின மரம், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துலயும் விடியக்காலம் எழுந்து அந்த மரத்தைச் சீவி பால் எடுக்கறாங்க. நாம மாட்டுப் பால் கறக்கிற அதே நேரத்துல.

பேரைவிட முக்கியமா பாக்க வேண்டியது ரப்பரோட குணம். இதுல ரெண்டு வகைன்னு வெச்சுக்கலாம். ஒண்ணு கடினமான ரப்பர். அதிக கிலோமீட்டர் வரும், பாரம் தாங்கும், ஆனா ஈர ரோட்டுல பிடிமானம் கொஞ்சம் குறைவு. இன்னொண்ணு மிருதுவானது. ரோட்டை நல்லா கவ்வும், மழையில நம்பலாம், ஆனா சீக்கிரம் தேயும். அதிகமா உழைக்கவும் வேணும், பசை மாதிரி ஒட்டவும் வேணும்னா கிடைக்காது. அதிக மகசூலும் வேணும், பூச்சியும் வரக்கூடாதுன்னு விதை கேக்கிற மாதிரி அது. ஒண்ணைக் கொஞ்சம் விட்டுத்தான் இன்னொண்ணை வாங்கணும். நான் பின்னாடி பாரத்துக்குக் கடினமானதும், முன்னாடி நல்ல பிடிமானம் உள்ளதும் போடறேன். முன் டயர்ல நீளவாட்டுல கோடு இருக்கிறது வண்டி நேரா போறதுக்கும் திருப்பறதுக்கும். பின் டயர்ல பட்டன் பட்டனா இருக்கிறது இழுவைக்கு. அதனால பின்னாடி பாதி தேஞ்சதைக் கழட்டி முன்னாடி மாட்டற பழக்கம் வேணாம். பிரேக் புடிச்சா வண்டி பாரமெல்லாம் முன்னாடிதான் சாயுது. முன் டயர் வழுக்கினா காலை ஊனிக்கூட சமாளிக்க முடியாது.

இப்ப விஷயத்துக்கு வரேன். இவ்வளவும் தெரிஞ்சவங்களும் எங்க ஊர்ல மொட்டை டயர்லதான் ஓட்டறாங்க. ஏன்னா கிராமத்துல டயரை மாத்தறது தேய்மானத்தைப் பாத்து இல்ல, அறுவடையைப் பாத்து.

கணக்குப் பாருங்க. பின் டயர் சுமார் 1,800 ரூபாய், ட்யூப் 300, மாட்ட 100. மொத்தம் 2,200. அது 22,000 கிலோமீட்டர் ஓடினா கிலோமீட்டருக்குப் பத்து காசு. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், வண்டி பாரத்தோட ஐம்பது குடுத்தா கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபாய். டயர் செலவு பெட்ரோல்ல இருபதுல ஒரு பங்கு. இருந்தாலும் பெட்ரோல் தினம் நூறு நூறா போறது உறைக்காது, டயருக்கு 2,200 ஒரே தடவையா எடுக்கணும்னா கை நடுங்குது.

பொங்கல் சமயம் நெல்லு அறுத்த கையோட, தை மாசம் புது டயர் போடறோம். தினம் 40 கிலோமீட்டர் ஓட்டினா 22,000 கிலோமீட்டர் 550 நாள். கணக்கா ஒன்றரை வருஷம். அடுத்த வருஷம் ஆடியில அந்த டயர் ஆயுசு முடியுது. ஆடியில நம்ம கையில என்ன இருக்கும்? மானாவாரி மல்லாட்டை விதைப்பு. விதைக் கொட்டை, உழவு, உரம், கூலி. எல்லாம் போற மாசம், ஒண்ணும் வராத மாசம். "மல்லாட்டை புடுங்கட்டும், மாத்திக்கலாம்"னு தள்ளறோம். மல்லாட்டை ஐப்பசியில வரும். விலை சரியில்லன்னா, "நெல்லு அறுத்து தையில பாத்துக்கலாம்"னு திரும்பத் தள்ளறோம். ஆடிக்கும் தைக்கும் நடுவுல என்ன இருக்கு? ஆவணி புரட்டாசியில சாயங்கால இடிமழை, ஐப்பசி கார்த்திகை அடைமழை. ஆக, டயர் ரொம்ப மெலிஞ்சிருக்கிற மாசமும் ரோடு ரொம்ப ஈரமா இருக்கிற மாசமும் ஒண்ணா வந்து சேருது. வருஷத்துல வேற எந்த மாசம் டயர் ஆயுசு முடிஞ்சாலும் இவ்வளவு கெடுதல் இல்ல.

இதுல இன்னொரு ஏமாத்து இருக்கு. மொட்டை டயர் காஞ்ச ரோட்டுல நல்லாத்தான் நிக்கும். டயர்ல பள்ளம் வெட்டியிருக்கிறதே தண்ணி ஒதுங்கி ஓடறதுக்குத்தான். வரப்புல மடை வெட்டற மாதிரி. காஞ்ச ரோட்டுல மடைக்கு வேலை இல்ல. அதனால ஆடி மாசம் பூரா ஓட்டிப் பாத்து "ஒண்ணும் ஆகல, இன்னும் ஓடும்"னு மனசு சொல்லும். முதல் மழையில ரோட்டுல படிஞ்ச எண்ணெயும் புழுதியும் குழைஞ்சு சேறாகும். அன்னைக்குத்தான் மடை இல்லைன்னு தெரியும். கூடவே எங்க பக்கம் கேழ்வரகுக் கதிரையும் கொள்ளுக் கொடியையும் தார் ரோட்டுல பரப்பிப் போடறாங்க. நனைஞ்ச தாளுல மொட்டை டயர் ஏறினா என்ன ஆகும்னு சொல்ல வேணாம்.

எங்க தெருவுல பங்காளி ஒருத்தர், எனக்கு அண்ணன் முறை. அவரு வண்டி முன்னாடி பின்னாடி ரெண்டு டயரும் வழுவழுன்னு இருந்துச்சு. "மாத்திடுண்ணா"ன்னு சொன்னேன். "மல்லாட்டை புடுங்கினதும் முதல் வேலை அதான்டா தம்பி"ன்னாரு. ஏமாளி இல்ல அவரு, காசைக் கணக்கா செலவு பண்ற மனுஷன். ஐப்பசி முதல் வாரம் தூறல்ல சொசைட்டியில இருந்து வெறும் கேனோட திரும்பி வந்தாரு. ஏரிக்கரை வளைவு. வேகம் முப்பது கூட இருக்காது. எதிர்ல ஆடு வந்துச்சுன்னு பிரேக்கைத் தொட்டாரு, முன் டயர் போயிடுச்சு. காரை எலும்பு முறிவு. கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு ரெண்டு மாசம் திண்ணை.

ஆஸ்பத்திரிச் செலவை நான் எழுத வரல. ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை நூறு நாள் தாண்டி நிக்குது. மழை விட்ட ரெண்டு நாள்ல புடுங்கணும். அண்ணி ஒத்தையா மாட்டைப் பாக்கிறதா, ஆஸ்பத்திரிக்கு நடக்கிறதா, ஆளு புடிக்கிறதா? பத்து நாள் தள்ளிப் போச்சு. ஈரத்துல காயி மண்ணுக்குள்ளயே முளை விட்டுடுச்சு. புடுங்கினதுல பாதி விக்கறதுக்கு ஆகல. ஆடியில இருந்து ஐப்பசி வரைக்கும் அவரு தள்ளினது ஏறக்குறைய நாலு மாசம்னு வெச்சாலும் 4,800 கிலோமீட்டர். பத்து காசு கணக்குல 480 ரூபாய் மிச்சம். போனது ஒரு போகம்.

அவரு தனியா விழுந்தாரு. அதுவும் ஒரு புண்ணியம்தான். கார்த்திகை தீபம் வர்றதும் இதே மழை மாசத்துலதான். லட்சக்கணக்கான ஜனம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில வண்டியை விடமாட்டாங்கன்னாலும், டவுனுக்கு வர்ற செங்கம் ரோடு, போளூர் ரோடு, வேட்டவலம் ரோடு எல்லாத்துலயும் குழந்தையைத் தோள்ல வெச்சுக்கிட்டு வெறுங்காலோட நடந்து வருவாங்க. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இதேதான். அவங்களுக்கு நடுவுலதான் நாமளும் பூ மூட்டையோட, பால் கேனோட போறோம். நம்ம வண்டி நிக்கலன்னா அடிபடறது நாம மட்டும் இல்ல.

நான் பண்றதைச் சொல்றேன். பத்து நாளைக்கு ஒருக்கா பால் பட்டுவாடா. தினம் 40 கிலோமீட்டர், கிலோமீட்டருக்குப் பத்து காசு, நாளைக்கு நாலு ரூபாய், பத்து நாளைக்கு 40 ரூபாய். பட்டுவாடா அன்னைக்கே அந்த 40 ரூபாயை ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டுடறது. ஏறக்குறைய ஒரு லிட்டர் பால் காசுதான். 550 நாள்ல 55 பட்டுவாடா, 2,200 ரூபாய். டயர் முடியற நாள்ல டயர் காசு தயாரா இருக்கு, மல்லாட்டை விலையைப் பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதில்ல. அதோட ஆடிப்பெருக்கு முடிஞ்சதும் ரெண்டு டயரையும் ஒரு தடவை நல்லா பாத்துடறது. மழைக்காலம் முழுக்கத் தாங்கும்னு நம்பிக்கை இல்லைன்னா, இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் பாக்கி இருந்தாலும் ஆவணிக்குள்ள மாத்திடறது. அந்த ரெண்டாயிரத்தோட விலை 200 ரூபாய்தான்.

எப்படிப் பாக்கிறது? டயர் பக்கவாட்டு விளிம்புல சின்ன முக்கோணமோ, டிடபிள்யூஐன்னு மூணு இங்கிலீஷ் எழுத்தோ இருக்கும். அதுக்கு நேரா பள்ளத்துக்குள்ள சின்ன மேடு தெரியும். தேஞ்சு தேஞ்சு பட்டனும் அந்த மேடும் சமமாயிடுச்சுன்னா ஆயுசு முடிஞ்சுது. ரெண்டு சக்கர வண்டிக்கு அந்த அளவு 0.8 மில்லிமீட்டர். நூலு தெரியற வரைக்கும் ஓட்டலாம்னு எங்கயும் எழுதல. பட்டன் நிறைய இருந்தும் பக்கவாட்டுல வெடிப்பு வெடிப்பா இருந்தா அதுவும் போச்சுதான். அதிகம் ஓடாம வெயில்ல நிக்கிற வண்டிக்கு இது வரும்.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னு பாருங்க. பக்கவாட்டுல நாலு எண் ஒரு கட்டத்துக்குள்ள இருக்கும். 2324ன்னு இருந்தா 2024-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். விலை குறைச்சுக் குடுக்கிறேன்னு நாலஞ்சு வருஷம் கடையில கிடந்ததைத் தலையில கட்டப் பாப்பாங்க. ரப்பர் வெச்சிருந்தாலும் கிழடாகும், விதைநெல்லு மாதிரி. மாட்டும்போது அம்புக்குறி வண்டி போற திசையில இருக்கான்னு பாருங்க. புது டயருக்குப் பழைய ஒட்டு போட்ட ட்யூப் வேணாம். புது டயர் மேல வழவழன்னு ஒரு பூச்சு இருக்கும், முதல் நூறு நூத்தம்பது கிலோமீட்டர் வளைவுல நிதானமா போங்க.

கழட்டின டயரைக் கடையிலயே விட்டுடாதீங்கன்னு சிலர் சொல்லுவாங்க. செடிக்குப் பாத்தி கட்டலாம், கிணத்து மேட்டுல மண்ணு சரியாம அடுக்கலாம். போகிக்கு மட்டும் கொளுத்தாதீங்க. அந்தக் கரும்புகை வீட்டுப் பெரியவங்க நெஞ்சுலயும் கன்னுக்குட்டி நெஞ்சுலயும்தான் போய் உக்காரும்.

இப்ப ஆனி கடைசி. உழவு ஆரம்பிச்சாச்சு, கையில காசு இருக்கிறவங்க குறைவுன்னு எனக்கும் தெரியும். விதைக் கொட்டை வாங்க டவுனுக்கு எப்படியும் போவீங்க. போறதுக்கு முன்னாடி வண்டியை சைடு ஸ்டாண்டு எடுத்து சென்டர் ஸ்டாண்டுல போட்டு, பின் சக்கரத்தைக் கையால ஒரு சுத்து சுத்திப் பாருங்க. விரலை பள்ளத்துக்குள்ள விடுங்க. விரல் நுனிக்குப் பள்ளம் தட்டுப்படலைன்னா, விதைச் செலவுக் கணக்குலயே அந்த 2,200-ஐயும் சேத்து எழுதிக்குங்க. அதுவும் இந்தப் போகத்துக்குப் போடற முதல்தான்.